யார் கதவைத் திறப்பார்கள்

யூகோஸ்லாவிய சினிமா என்றதும் திரைப்படக் கழகங்களில் பழகிய நம் வாசகர்களுக்கு துஷான் மகவேயெவ் நினைவுக்கு வருவார். அடுத்து எமிர் குஸ்துரிட்சா. கொஞ்சம் தேடிப் பார்த்தவர்கள் அலெக்சாண்டர் பெத்ரோவிச்சையும் ஜெலிமிர் ஜில்னிக்கையும் சேர்த்துச் சொல்வார்கள். எல்லோருமே தங்கள் பாணியால் அறியப்பட்டவர்கள். ஒரு காட்சியைப் பார்த்ததுமே இது இன்னாருடையது என்று சொல்லிவிடலாம். பிராங்கோ பாவெரின் படத்தை அப்படிச் சொல்ல முடியாது. குரோஷியத் தலைநகர் ஜாக்ரெப்பில் வாழ்ந்து, 1953 முதல் 1978 வரை கதைப்படங்கள் எடுத்தவர் அவர். சிறுவர் சாகசக் கதை, காதல் கதை, நகைச்சுவை, போர்ப்படம், அரசியல் படம், தொலைக்காட்சித் தொடர் என்று எல்லாமே எடுத்திருக்கிறார். ஒவ்வொன்றிலும் கதை தெளிவாக இருக்கும். அரங்கின் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் சிறுவனுக்கும் யார் எங்கே போகிறார்கள், எதற்காகப் பயப்படுகிறார்கள் என்பது புரியும். இந்தத் தெளிவினாலேயே பல ஆண்டுகள் அவரை ஒரு நல்ல தொழில்காரர் என்று மட்டும் சொல்லி ஒதுக்கி வைத்திருந்தார்கள்.

ஆனால் அவருடைய படங்களை அடுத்தடுத்துப் பார்த்தால் ஒரே சூழ்நிலை திரும்பத் திரும்ப வருவது தெரியும். ஆபத்தில் இருக்கும் ஒருவர் இன்னொருவரின் வாசலில் வந்து நிற்கிறார். உள்ளே இருப்பவரைக் கெட்டவர் என்றும் சொல்ல முடியாது, வீரர் என்றும் சொல்ல முடியாது. வேலைக்குப் போய்க் குடும்பம் நடத்துகிற ஆள். கதவைத் திறப்பதா, தாழ்ப்பாள் போடுவதா என்று அவர் அப்போதே முடிவுசெய்ய வேண்டும். யோசித்துச் சொல்கிறேன் என்று தள்ளிப்போட வழியில்லை. இந்த நிலைமையைத்தான் பாவெர் வாழ்நாள் முழுக்க வெவ்வேறு கதைகளில் வைத்துப் பார்த்தார் என்பது என் எண்ணம். சில படங்களில் அது உண்மையாகவே ஒரு வீட்டுக் கதவு. சிலவற்றில் ஒரு கூட்டத்தில் எழுந்து பேசுவதா, பேசாமல் இருப்பதா என்ற தயக்கம்.

அவர் 1921 பிப்ரவரி 18 அன்று துப்ரோவ்னிக் நகரில் பிறந்தார். இருபது வயதில் ஜாக்ரெப்பில் போரைப் பார்த்தார். 1941 ஏப்ரலில் ஜெர்மனியும் அதன் கூட்டாளிகளும் யூகோஸ்லாவியாவைத் தாக்கித் துண்டாடின. ஏப்ரல் 10ஆம் தேதி ஜாக்ரெப்பில் 'சுதந்திர குரோஷிய அரசு' என்ற பெயரில் ஒரு கைப்பாவை அரசு அறிவிக்கப்பட்டது. ஆந்தே பாவெலிச் தலைமையிலான உஸ்தாஷா இயக்கத்திடம் அதிகாரம் போனது. அந்த மாதம் முடிவதற்குள் இனச் சட்டங்கள் வந்துவிட்டன. யூதர்கள் உடையில் அடையாளம் தைத்துக்கொண்டுதான் தெருவில் நடக்கலாம் என்றானது. அக்டோபரில், நகரின் நடுவே பிராஷ்கா தெருவில் இருந்த யூதர்களின் பெரிய ஜெப ஆலயத்தை நகர நிர்வாகமே இடிக்கத் தொடங்கியது. சாவா நதிக்கரையில் யாசெனோவாட்ஸ் வதைமுகாம் எழுந்தது. செர்பியர்கள், யூதர்கள், ரோமா மக்கள், அரசை எதிர்த்த குரோஷியர்கள் என்று அங்கே கொல்லப்பட்டவர்களில் பெயர் தெரிந்தவர்கள் மட்டும் 83,000 பேருக்கு மேல் என்று அங்குள்ள நினைவகத்தின் பட்டியல் சொல்கிறது.

அந்த நகரத்தில் பாவெரும் அவருடைய தந்தை செதோமிரும் ஒரு யூதப் பெண்ணைத் தங்கள் வீட்டில் ஒளித்துவைத்தார்கள். இப்படி ஒரு வாக்கியத்தில் எழுதிவிடலாம். ஆனால் ஆக்கிரமிக்கப்பட்ட நகரத்தில் ஒரு வீட்டுக்குள் ஒருவரை ஒளித்துவைப்பது ஒரே நாளில் முடிகிற காரியமில்லை. படிக்கட்டில் கேட்கும் ஒவ்வொரு காலடிச் சத்தத்தையும் காதுகொடுத்துக் கேட்க வேண்டும். ரேஷன் அட்டையில் பெயரில்லாத ஒருவருக்கும் சேர்த்துச் சமைக்க வேண்டும். பக்கத்து வீட்டாரிடம் பொய் சொல்ல வேண்டும். நேற்றுச் சொன்ன பொய்யை இன்று மறக்காமல் இருக்க வேண்டும். எடுத்த முடிவை ஒவ்வொரு காலையும் மறுபடி எடுக்க வேண்டியிருக்கும். இதை நேரில் அறிந்த ஒருவர் பிற்பாடு திரைப்படம் எடுக்க வந்தார். அவருடைய படங்களை இந்த ஒரு சம்பவத்தைக் கொண்டே விளக்கிவிடலாம் என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொல்வது கலைஞனையும் குறைப்பது, அந்தச் செயலையும் குறைப்பது. ஆனால் பின்னாளில் அவர் எடுத்த 'திரும்பிப் பார்க்காதே மகனே' படத்தைப் பார்க்கும்போது, பயம் எப்படி ஒரு வீட்டுக்குள் நடமாடும் என்பதை அறிந்த ஒருவர் எடுத்த படம் இது என்ற எண்ணத்தைத் தவிர்க்க முடிவதில்லை.

போர் முடிந்தபின் 1946இல் ஜாக்ரெப்பில் யாத்ரான் பிலிம் நிறுவனம் தொடங்கப்பட்டது. குரோஷிய சினிமா ஏறக்குறைய புதிதாக ஆரம்பிக்க வேண்டியிருந்தது. முதல் முழுநீளப் பேசும்படமே 1944இல்தான், அதுவும் உஸ்தாஷா ஆட்சியின் கீழ், ஒக்தாவியான் மிலெதிச் இயக்கத்தில் வந்திருந்தது. பாவெர் 1949 வாக்கில் யாத்ரானில் சேர்ந்து ஆவணப்படங்கள் எடுத்துத் தொழில் பழகினார். 1953இல் வந்த முதல் கதைப்படம் 'நீலக் கடற்பறவை', ஸ்லோவேனிய எழுத்தாளர் தோனே செலிஷ்கரின் சிறுவர் கதையைத் தழுவியது. அட்ரியாடிக் கடலில் படகேறிப் போகும் பையன்களின் சாகசம். இரண்டாவது படமான 'தீவில் கோடிகள்' படமும் சிறுவர்களைப் பற்றியதே. குழந்தைகளைத் திரையில் கொஞ்சாமல், அவர்களும் முடிவெடுக்கும் மனிதர்கள் என்று மதித்து எடுக்கும் பழக்கம் இந்த இரண்டு படங்களிலும் அவருக்கு வந்துவிட்டது. மூன்றாவது படத்தில் அந்தப் பழக்கம் அவரை வேறொரு இடத்துக்குக் கொண்டுபோனது.

'திரும்பிப் பார்க்காதே மகனே' 1956இல் வெளிவந்தது. திரைக்கதையை ஆர்சென் திக்லிச் என்ற எழுத்தாளருடன் சேர்ந்து பாவெர் எழுதினார். யாசெனோவாட்ஸுக்குப் போகும் ரயிலிலிருந்து நெவென் நோவாக் என்ற பொறியாளர் தப்பிக்கிறார். ஸ்லோவேனிய நடிகர் பெர்ட் சோத்லார் அந்த வேடத்தில் நடித்தார். தப்பியவர் நேரே காட்டுக்குப் போய், ஆக்கிரமிப்பை எதிர்த்துப் போரிட்ட பார்ட்டிசான் படையில் சேர்ந்திருக்கலாம். அவரோ பிடிபட்ட ஊருக்கே, ஜாக்ரெப்புக்கே திரும்பி வருகிறார். அங்கே அவருடைய மகன் இருக்கிறான். அவனையும் அழைத்துக்கொண்டு விடுதலை பெற்ற பகுதிக்குப் போவதுதான் திட்டம். வந்து பார்த்தால் மகன் உஸ்தாஷாக்களின் விடுதிப் பள்ளியில் இருக்கிறான். அவர்கள் சொல்லிக்கொடுத்ததை எல்லாம் மனதார நம்புகிறான். பார்ட்டிசான்கள் கொள்ளைக்காரர்கள் என்று அவனுக்குத் தெரியும். அப்படித்தானே ஆசிரியர்கள் சொன்னார்கள்.

இதற்குமேல் ஒரு திரைக்கதைக்கு எதுவும் தேவையில்லை. அப்பா மகனிடம் தான் யார் என்று சொல்ல முடியாது. எங்கிருந்து வந்தார், எங்கே போகப்போகிறார் என்பதையும் சொல்ல முடியாது. சொன்னால் பையன் வெறுப்பில் காட்டிக்கொடுப்பான் என்பதில்லை. பள்ளியில் சொல்லிக்கொடுத்த நேர்மையின் பேரில், நல்ல பிள்ளையாகவே, வாய்தவறியோ கடமையுணர்விலோ எவரிடமாவது சொல்லிவிடுவான். ஆகவே உலகில் தான் அதிகம் நேசிக்கும் ஒருவனிடம்தான் நெவென் அதிகம் பொய் சொல்ல வேண்டியிருக்கிறது. பார்வையாளருக்கு உண்மை தெரியும், பையனுக்குத் தெரியாது. இருவருக்கும் நடுவிலுள்ள இந்த இடைவெளியில்தான் படத்தின் பதற்றம் முழுவதும் இருக்கிறது. மேஜைக்கடியில் குண்டு இருப்பது பார்வையாளனுக்குத் தெரிந்திருந்தால்தான் பதற்றம் பிறக்கும் என்று ஹிட்ச்காக் விளக்குவதுண்டு. இங்கே குண்டு என்று எதுவும் இல்லை. ஒரு குழந்தை இயல்பாகக் கேட்கும் கேள்விகளே போதுமானவையாக இருக்கின்றன.

கரோல் ரீட் 1947இல் எடுத்த 'ஆட் மேன் அவுட்' படத்தின் சாயல் இதில் உண்டு. பெல்பாஸ்ட் போன்ற ஒரு நகரத்தில் காயம்பட்ட ஒருவன் இரவெல்லாம் ஒளிந்து திரிவதும், அவனைச் சந்திக்கும் ஒவ்வொருவரும் அவனை என்ன செய்வது என்று தீர்மானிக்க வேண்டியிருப்பதும் அந்தப் படம். பாவெர் அதன் எலும்புக்கூட்டை எடுத்துக்கொண்டு தன் நகரத்தில் பொருத்தினார். நெவென் பழைய பழக்கக்காரர்களைத் தேடிப் போகிறார். போருக்கு முன் ஒன்றாகச் சிரித்துப் பேசியவர்கள். இப்போது சிலர் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். இந்த இடங்களில் பாவெர் எவரையும் கேவலப்படுத்துவதில்லை என்பதுதான் என்னைத் தொடுவது. உதவ மறுப்பவரின் பயம் நியாயமானது என்பதை மறைக்காமல் காட்டுகிறார். அதனால்தான் உதவுகிறவரின் செயலுக்கு எடை கூடுகிறது. பயப்படுவதற்கு நல்ல காரணம் இல்லாத இடத்தில் துணிவுக்கு என்ன மதிப்பு இருக்க முடியும்?

அக்கால யூகோஸ்லாவிய சினிமாவில் இது எவ்வளவு வித்தியாசமானது என்பதைச் சொல்ல வேண்டும். போருக்குப் பிந்தைய முதல் முழுநீளப் படமான 'ஸ்லாவிட்சா' 1947இல் வந்தது. வ்யெகோஸ்லாவ் அஃப்ரிச் எடுத்த அந்தப் படம் பார்ட்டிசான் கதைகளுக்கு ஓர் அச்சு வார்த்துக்கொடுத்தது. திரண்டெழும் மக்கள், தியாகம், வெற்றி. அடுத்து வந்த பல படங்கள் அந்த அச்சில் வார்த்தவை. பாவெரின் படத்தில் போர்க்களம் கிட்டத்தட்ட இல்லை. தெருக்கள், மாடிப்படிகள், அறைகள், ஒரு தகப்பன், ஒரு மகன். எதிரி ஒரு நாட்டைப் பிடித்தான் என்பதைவிட ஒரு பத்து வயதுப் பிள்ளையின் மனத்தைப் பிடித்துவிட்டான் என்பதே அவரை அதிகம் உறுத்துகிறது. நாட்டை மீட்க ஒரு படை இருக்கிறது. பிள்ளையை மீட்க அப்பாவைத் தவிர வேறு ஆளில்லை. அவருக்கும் சில நாள்தான் அவகாசம்.

1956இல் இந்தப் படத்தை அரங்குகளில் பார்த்த சிறுவர்கள் பலர் யூகோஸ்லாவிய முன்னோடிகள் அமைப்பில் இருந்தவர்கள். கழுத்தில் சிவப்புத் துணி கட்டி உறுதிமொழி எடுத்தவர்கள். உஸ்தாஷா பள்ளியின் சீருடையும் இந்தச் சிவப்புத் துணியும் ஒன்று என்று பாவெர் சொல்லவில்லை. நானும் சொல்ல மாட்டேன்; ஒன்று மனிதர்களை முகாமுக்கு அனுப்பிய ஆட்சியின் சீருடை. ஆனால் குழந்தைக்குத் தெரிந்தது எல்லாம் ஆசிரியர் சொன்னதுதான் என்ற நிலைமையை இவ்வளவு கூர்மையாகக் காட்டும் ஒரு படம், எந்த அரசு தயாரித்திருந்தாலும், எந்த அரசுக்கும் முழு வசதியாக இருக்க முடியாது. இன்றும் பார்க்க முடிகிற படமாக இது இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

முடிவில் தகப்பனும் மகனும் தப்பிக்கும் வழியில் இருவரும் சேர்ந்து கரைசேர முடியாது என்பது தகப்பனுக்குப் புரிந்துவிடுகிறது. மகனை முன்னே போகச் சொல்கிறார். திரும்பிப் பார்க்காதே என்கிறார். அதுவரை மகனிடம் அவர் சொன்னதில் பாதிக்கு மேல் பொய். இது உண்மையான சொல். ஆனால் இதிலும் எதையோ மறைக்கத்தான் செய்கிறார்: திரும்பினால் பையன் எதைப் பார்ப்பான் என்பதை. மெலோடிராமா என்று சொல்லி இந்தக் காட்சியைத் தாண்டிப்போக விரும்புகிறவர்கள் இருக்கலாம். படம் முழுக்கக் கட்டிவந்த பொய்களின் கணக்கு இங்கே தீர்க்கப்படுகிறது என்பதைக் கவனித்தால், இந்த அழுகை சும்மா வரவழைத்தது இல்லை என்று தெரியும்.

இதற்கு அடுத்த படத்துக்காக விமர்சகர்கள் பாவெரைக் கடுமையாகத் தாக்கினார்கள். 'மனிதர்கள் மட்டும்' (1957) ஒரு காதல் கதை. கால் இழந்த ஒருவனுக்கும் பார்வையற்ற ஒரு பெண்ணுக்கும் இடையிலான நேசம். சோசலிச நாட்டில் இப்படியொரு ஹாலிவுட் கண்ணீர்க்கதை எதற்கு என்ற கோபம் எழுந்தது. அடுத்து மாசிடோனியாவின் வார்தார் பிலிமுக்காக 'மூன்று அன்னாக்கள்' (1959) எடுத்தார். போரில் தன் சின்னஞ்சிறு மகள் இறந்துவிட்டாள் என்று நம்பியிருந்த ஒரு முதியவருக்கு, அவள் உயிரோடு இருக்கக்கூடும் என்ற செய்தி வருகிறது. தேடிப் போகிறார். அன்னா என்ற பெயரில் மூன்று இளம்பெண்கள். எவள் தன் மகள்?

இந்தப் படத்தை நான் உயர்வாக மதிக்கிறேன். கதையின் முடிச்சு ஒரு மர்மக்கதையின் முடிச்சு. ஆனால் விடை கண்டுபிடிப்பது மெல்ல மெல்ல முக்கியம் இழக்கிறது. ஒவ்வொரு அன்னாவுக்கும் ஒரு வாழ்க்கை இருக்கிறது, ஒரு குறை இருக்கிறது. ஒவ்வொருத்தியும் ஒரு தகப்பன் இருந்தால் நன்றாயிருக்கும் என்ற நிலையில் இருக்கிறாள். முதியவர் வாசலில் போய் நிற்கிறார். திறப்பவள் தன் மகளாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். இல்லை என்று தெரிந்தால் அவளை அப்படியே விட்டுவிட்டு வந்துவிட முடியுமா என்ற கேள்வி மெதுவாக எழுகிறது. 'திரும்பிப் பார்க்காதே மகனே' படத்தில் தப்பி ஓடி வந்த தகப்பன் மகனைத் தேடினான். இங்கே போர் முடிந்து வருடங்கள் ஆகிவிட்டன, துரத்துகிறவர் யாரும் இல்லை; என்றாலும் தேடல் முடியவில்லை. இத்தாலிய நவயதார்த்தப் படங்களின் அருகாமை இதில் தெரியும்: சாதாரண வேலைகள், நெருக்கமான அறைகள், தெருவில் நடக்கும் மனிதர்கள். வெளிவந்த காலத்தில் இதைப் பெரிதாக யாரும் கண்டுகொள்ளவில்லை.

நடுவில் அவர் நகைச்சுவைக்கும் போனார். 'மேகங்களில் மார்ட்டின்' (1961) ஜாக்ரெப்பின் வீட்டுப் பஞ்சத்தைப் பற்றியது. காதலர்கள் இருக்கிறார்கள், குடியிருக்க வீடில்லை. நடிகர் போரீஸ் த்வோர்னிக் அந்தப் படத்தால் மக்களின் செல்லப்பிள்ளையானார். அடுத்த ஆண்டு 'உபரிப் பெண்' படத்துக்காக மிலேனா த்ராவிச் பூலா நகரின் திரைப்பட விழாவில் சிறந்த நடிகைக்கான தங்க அரேனா பெற்றார். இவை இனிமையான படங்கள். நிறையப் பேர் பார்த்தார்கள். இவற்றைப் பற்றி நான் அதிகம் சொல்ல வேண்டியதில்லை.

1963இல் 'நேருக்கு நேர்' வந்தது. அதைப் பற்றித்தான் விரிவாகப் பேச வேண்டும்.

படம் முழுக்க ஒரு கூட்டம். ஒரு பெரிய கட்டுமான நிறுவனத்தில் கம்யூனிஸ்ட் கட்சிக் கிளையின் கூட்டம். நிறுவனத்தின் இயக்குநர் அதிகாரம் பழகியவர். மாசிடோனிய நடிகர் ஈலியா ஜுவாலெகோவ்ஸ்கி அந்த வேடத்தில் இருக்கிறார். ஒரு தொழிலாளி பிரச்சினை செய்கிறான். அவனைக் கட்சியிலிருந்து நீக்க வேண்டும். முடிவு ஏற்கெனவே எடுக்கப்பட்டுவிட்டது. கூட்டம் அதற்கு ஒப்புதல் வாங்கத்தான் கூட்டப்பட்டிருக்கிறது. உள்ளே வருகிற எல்லோருக்கும் இது தெரியும். சீக்கிரம் முடித்துவிட்டு வீட்டுக்குப் போகலாம் என்று வருகிறார்கள்.

யூகோஸ்லாவியாவில் 1950ஆம் ஆண்டுச் சட்டப்படி தொழிற்சாலைகள் தொழிலாளர் சுயநிர்வாகத்தின் கீழ் வந்திருந்தன. ஸ்டாலினோடு முறித்துக்கொண்ட பின் அந்நாடு தன் தனிவழி என்று உலகுக்குக் காட்டிக்கொண்டது இதைத்தான். ஏட்டில் தொழிலாளியே எஜமான். நடைமுறையில் இயக்குநரும் கட்சியும் ஒருபக்கம் சாய்ந்தால் எதிர்ப்பக்கம் நிற்க ஆளிருக்காது. 1962 மே மாதம் ஸ்ப்லித் நகரில் பேசிய நாட்டின் தலைவர் டிட்டோவே தலைமைப் பொறுப்புகளில் இருப்பவர்களின் போக்கைப் பகிரங்கமாகக் கண்டித்தார். அந்தச் சூழலில்தான் பாவெரின் படம் வந்தது. கட்சிக் கூட்டத்தின் உள்ளே காமிராவை வைத்து, அங்கே பேசுவதையும் பேசாமல் விடுவதையும் காட்டிய முதல் யூகோஸ்லாவியப் படம் என்று வரலாற்றாசிரியர்கள் இதைக் குறிப்பிடுகிறார்கள்.

சிட்னி லூமெட்டின் 'பன்னிரண்டு கோபக்காரர்கள்' படத்தோடு இதை ஒப்பிடுவது வழக்கம். ஓர் அறை, ஒரு மேஜை, முடிவாகிவிட்டது என்று நினைத்த ஒன்று மெல்ல அவிழ்வது என்ற அளவில் ஒப்பீடு பொருந்தும். ஆனால் ஒரு பெரிய வேறுபாடு உண்டு, எனக்கு அதுதான் முக்கியமாகத் தோன்றுகிறது. லூமெட்டின் ஜூரிகள் ஒருவரையொருவர் அறியாதவர்கள். தீர்ப்புச் சொல்லிவிட்டுப் படியிறங்கினால் மறுபடி பார்த்துக்கொள்ளப் போவதில்லை. மனசாட்சிப்படி நடந்துகொள்வதற்குச் சட்டமே அவர்களுக்குப் பாதுகாப்புத் தருகிறது. பாவெரின் அறையில் இருப்பவர்கள் மறுநாள் காலை அதே இயக்குநரின் கீழ் வேலைக்கு வர வேண்டும். ஒருவனுக்கு நிறுவனம் வீடு ஒதுக்க வேண்டியிருக்கிறது, இன்னொருவனுக்குப் பதவி உயர்வு. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவனின் குடும்பக் கதை தெரியும். அவன் எதற்குப் பயப்படுகிறான் என்பதும் தெரியும். இங்கே சந்தேகம் எழுப்பினால் மட்டும் போதாது. சந்தேகம் எல்லோருக்கும் முன்பே இருக்கிறது. அதை வாய்விட்டுச் சொல்வதற்கு ஆள் வேண்டும்.

ஆகவே பாவெர் பேசுகிறவனைப் போலவே கேட்கிறவனையும் கவனமாகப் பார்க்கிறார். பேச்சு ஒரு பக்கம் போய்க்கொண்டிருக்க, மற்றவர்களின் முகங்கள் இன்னொரு கதையைச் சொல்கின்றன. யார் யாரைப் பார்க்கிறார்கள், இயக்குநர் நிமிர்ந்ததும் யார் பார்வையைத் தாழ்த்துகிறார்கள், யாருக்கு நாற்காலியில் உட்கார்ந்திருக்க முடியவில்லை என்று பார்வையாளர் தானாகவே எண்ணத் தொடங்கிவிடுகிறார். அரசியல் சினிமா என்றால் முழக்கம் என்று நினைத்திருப்பவர்கள் இதைப் பார்க்க வேண்டும். அதிகாரம் என்பது ஓர் அறையில் எப்படி உட்கார்ந்திருக்கும், எப்படித் தொண்டையைச் செருமும், தன்மேல் கைவைக்க யாருக்கும் துணிவில்லை என்ற நம்பிக்கையில் எப்படிச் சாவகாசமாக இருக்கும் என்பதையெல்லாம் இந்தப் படம் காட்டிவிடுகிறது. முதலில் ஒருவர் பேசுகிறார். பேசியபின் அவருக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதைப் பார்த்து இன்னொருவர். குற்றம் சாட்டப்பட்டவனின் இடத்துக்கு மெதுவாகக் குற்றம் சாட்டியவர் வந்துவிடுகிறார்.

படத்தில் நம்பிக்கை கொஞ்சம் அதிகம் என்று ஒருவர் குறை சொல்லலாம். கட்சி தன்னைத் தானே திருத்திக்கொள்ளும் என்ற அந்தக் கால நம்பிக்கை அது. வரலாறு அதற்கு என்ன செய்தது என்பது நமக்குத் தெரியும். ஆனால் படத்தின் நம்பிக்கையின் வேர் கட்சியில் இல்லை என்றே நான் படிக்கிறேன். ஒரு சாதாரண மனிதன் வெட்கப்படக் கூடியவன்; வெட்கம் போதிய அளவு கூடினால் அது பயத்தை மிஞ்சிவிடும். இந்த நம்பிக்கை 'திரும்பிப் பார்க்காதே மகனே' படத்திலேயே இருந்ததுதான்.

அந்த ஆண்டு பூலா விழாவில் படத்துக்குப் பெரிய தங்க அரேனா கிடைத்தது. பூலாவில் முதலாம் நூற்றாண்டு ரோமானியக் களரங்கத்தில் திறந்தவெளியில் படம் போடுவார்கள். பல்லாயிரம் பேர் கல்படிகளில் உட்கார்ந்து பார்ப்பார்கள். ஒரு கட்சிக் கிளைக் கூட்டத்தை மட்டுமே காட்டும் படம் அந்த இடத்தில் அந்தப் பரிசை வென்றது. பாவெரின் புகழ் உச்சத்தில் இருந்தது அப்போதுதான்.

சரிவும் உடனே வந்தது. அறுபதுகளின் நடுவில் யூகோஸ்லாவிய சினிமாவின் காற்று மாறியது. குரோஷியாவில் வாத்ரோஸ்லாவ் மிமிட்சாவின் 'திங்கள் அல்லது செவ்வாய்' (1966), ஸ்வோனிமிர் பெர்கோவிச்சின் 'ரோந்தோ' (1966), ஆந்தே பாபாயாவின் 'பிர்ச் மரம்' (1967) என்று நவீனத்துவப் படங்கள் அடுத்தடுத்து வந்தன. பெல்கிரேடில் மகவேயெவும் பெத்ரோவிச்சும் இருந்தார்கள். நினைவோட்டம், சிதறிய காலம், இயக்குநரின் தனிக்குரல் இவையே மதிப்புப் பெற்றன. இந்தப் படங்கள் பலவும் உண்மையிலேயே அருமையானவை. 'ரோந்தோ'வை நேசிப்பவன் நான். ஆனால் ஒரு தலைமுறை எழும்போது முந்தையதை வீட்டை விட்டு வெளியே தள்ளிவிட்டுத்தான் எழ வேண்டும் என்று என்ன கட்டாயம்? 'நிகோலெத்தினா புர்சாச்' (1964), 'வருவதும் தங்குவதும்' (1965), 'நான்காவது சகபயணி' (1967) ஆகிய படங்களுக்குப் பின் பாவெருக்குப் பல ஆண்டுகள் கதைப்படம் இல்லை. நாற்பத்தாறு வயதில், கை நன்றாகப் பழுத்த நேரத்தில், அவர் பழையவர் ஆகிப்போனார்.

அவரை மீட்டெடுத்தவர்கள் ஜாக்ரெப்பின் இளம் விமர்சகர்கள். ஹிட்ச்காக், ஹாவார்ட் ஹாக்ஸ் ஆகியோரின் படங்களை வெறும் பொழுதுபோக்காக எண்ணாமல் கலையாகப் படித்தவர்கள். அதனாலேயே 'ஹிட்ச்காக்கியர்' என்று பெயர் பெற்றவர்கள். பிரெஞ்சு விமர்சகர்கள் ஹாலிவுட் இயக்குநர்களைப் புதிதாகப் படித்ததைப்போல, இவர்களும் இவர்களுக்குப் பின் வந்தவர்களும் தங்கள் ஊரிலேயே இருந்த ஒருவரைப் புதிதாகப் படித்தார்கள். எழுபதுகளின் இறுதியிலும் எண்பதுகளிலும் பாவெர் குரோஷிய சினிமாவின் செவ்வியல் ஆசான்களில் ஒருவர் என்ற எண்ணம் நிலைபெற்றது. கதையைத் தெளிவாகச் சொல்வது பார்வையாளனுக்குத் தரும் மரியாதை என்று அவர்கள் கண்டார்கள். இந்த மரியாதையை நம் சிறுபத்திரிகை விமர்சனமும் இன்னும் கொஞ்சம் தாராளமாக அங்கீகரிக்கலாம். புரிகிற படம் என்றாலே அது மேலோட்டமானது என்ற எண்ணம் நம்மிடமும் ஆழமாக இருக்கிறது.

1975இல் அவர் திரும்பி வந்தார், ஆர்சென் திக்லிச்சோடு. இருபது ஆண்டுகளுக்கு முன் 'திரும்பிப் பார்க்காதே மகனே' எழுதிய அதே கூட்டாளி. இம்முறை திக்லிச்சின் நாவல்களை எடுத்துக்கொண்டார்கள். 'யாகோப்ஸ்ஃபெல்டில் குளிர்காலம்' படத்தில் இரண்டு பையன்கள் பனிக்காலத்தில் பானாத் சமவெளியில் தனித்து விடப்படுகிறார்கள். பார்ட்டிசான்களோடு இருந்த பையன்கள். பசியும் குளிரும் துரத்த, யார் என்பதை மறைத்துக்கொண்டு அவர்கள் ஒதுங்குவது ஜெர்மானியர்கள் வாழும் ஒரு கிராமத்தில். ஒரு ஜெர்மானிய விவசாயியின் வீட்டில் வேலைக்காரப் பையனாக ஒதுங்கிக் குளிர்காலத்தைத் தாண்ட வேண்டும். பையன்களில் ஒருவராக நடித்த ஸ்லாவ்கோ ஷ்டிமாட்ஸ் பின்னாளில் குஸ்துரிட்சாவின் படங்களில் நடித்து உலகம் அறிந்த முகமானார்.

பாவெரின் பழைய கதை இங்கே முழுவதும் தலைகீழாகியிருக்கிறது. அன்று ஜாக்ரெப்பில் பிள்ளையின் மனத்தில் எதிரி குடியேறியிருந்தான். இன்று பிள்ளை எதிரியின் வீட்டுக்குள் குடியேறியிருக்கிறான். பொய் சொல்லி உயிர்காக்க வேண்டியவன் இப்போது குழந்தையே. அந்த வீட்டில் அவன் சந்திப்பவர்கள் அரக்கர்கள் இல்லை. மாடு, தானியம், வானிலை பற்றிக் கவலைப்படுகிற மனிதர்கள். அவர்களில் சிலரை அவனுக்குப் பிடித்தும் போகிறது. வெறுக்க வேண்டியவர்கள் என்று தெரிந்தவர்களின் சோற்றைத் தின்று வளரும் ஒரு குளிர்காலம் அது. போர் முடிந்து முப்பது ஆண்டுகளுக்குப் பின், சிறுவர் படம் என்ற பெயரில், பாவெர் இதை எடுத்தார். யூகோஸ்லாவியா முழுக்கத் தொலைக்காட்சியிலும் திக்லிச்சின் இந்தக் கதைகளைக் குடும்பம் குடும்பமாக உட்கார்ந்து பார்த்தார்கள்.

கடைசிப் படம் 'போஷ்கோ பூஹா' (1978), பதினேழு வயதில் 1943இல் கொல்லப்பட்ட ஓர் உண்மையான பார்ட்டிசான் சிறுவனின் கதை. அதற்குப் பிறகு இருபத்து நான்கு ஆண்டுகள் வாழ்ந்தார், கதைப்படம் எடுக்கவில்லை. அந்த ஆண்டுகளில்தான் அவர் படமெடுத்த நாடு உடைந்தது. மாசிடோனியாவில் ஒரு படம், செர்பிய எழுத்தாளர்களோடு சில படங்கள், ஸ்லோவேனிய நடிகர், போஸ்னிய எழுத்தாளரின் நாயகன் என்று அவர் எல்லைகளைப் பொருட்படுத்தாமல் வேலை செய்த இடங்களுக்கு நடுவே இப்போது சோதனைச் சாவடிகள் இருந்தன. 1992இல், குரோஷியாவிலும் போஸ்னியாவிலும் மறுபடி மனிதர்கள் பெயரையும் மதத்தையும் பார்த்துப் பிரிக்கப்பட்டுக்கொண்டிருந்த ஆண்டில், ஜெருசலேமிலிருந்து யாத் வாஷெம் நிறுவனம் செதோமிர் பாவெரையும் பிராங்கோ பாவெரையும் யூதர்களைக் காப்பாற்றிய 'நீதிமான்கள்' பட்டியலில் சேர்த்தது. ஐம்பது ஆண்டுகளுக்கு முன் ஒரு வீட்டுக்குள் நடந்ததற்கான அங்கீகாரம். அவர் 2002 ஏப்ரல் 11 அன்று ஜாக்ரெப்பில் காலமானார்.

அவரைப் புதிதாகப் பார்க்கப்போகிறவர்கள் 'நேருக்கு நேர்' படத்திலிருந்து தொடங்குவது நல்லது. அந்த நாட்டின் வரலாறு அதிகம் தெரியாமலேயே அதைப் புரிந்துகொள்ளலாம். அலுவலகத்தில் ஒரு கூட்டத்தில் உட்கார்ந்து, சொல்ல நினைத்ததைச் சொல்லாமல் எழுந்து வந்த எவருக்கும் அது புரியும். அதன்பின் 'திரும்பிப் பார்க்காதே மகனே'. 'மூன்று அன்னாக்கள்' படத்துக்கு மட்டும் கொஞ்சம் பொறுமை வேண்டும், முதல் அன்னாவைத் தாண்டும்வரை.